முதுகில் வைத்த காது

எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்களாம். "மேடம், உங்க காலத்துல காலேஜ் எப்படி இருந்துச்சுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டு வந்தார்கள். 'உங்க காலம்' என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் நான் ஏதோ கல்வெட்டிலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி இருக்கிறது. வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது என்பது உண்மைதான். கண்ணும் முழங்காலும் என் பேச்சைக் கேட்பதில்லை. காது மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கிறது.

வந்தவர்களில் ஒரு பெண் கையடக்கமான கருவி ஒன்றைக் காட்டினாள். நெஞ்சில் வைத்தால் நுரையீரல் அசைவது கைப்பேசித் திரையில் தெரிகிறது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். எங்களுக்கு அந்த நுரையீரலைக் கண்டுபிடிக்க வெள்ளைத் துணி ஒன்றும் எங்கள் சொந்தக் காதும்தான் இருந்தன. அந்தத் துணியால் நான் ஒரு பொய் சொன்னேன். அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

ஐம்பத்தாறாம் வருஷம் நான் கல்லூரியில் சேர்ந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போய் இரண்டு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. கொடி மாறியிருந்தது, அலமாரிகள் மாறவில்லை. ஆஸ்பத்திரியை ஒட்டி அவர்கள் நடத்திவந்த பழைய மருத்துவப் பள்ளிக்குத்தான் கல்லூரி என்று புதுப் பெயர் வைத்து, ஒரு பெரிய பல்கலைக்கழகத்தோடு சேர்த்திருந்தார்கள். எங்கள் வகுப்பில் மொத்தம் இருபத்து நான்கு பேர். ஒருவன் தும்மினால் இருபத்து மூன்று பேருக்கும் ஜலதோஷம் வரும், அவ்வளவு சின்ன இடம். பல்கலைக்கழகமோ எங்களுக்குக் கடவுள் மாதிரி. கண்ணால் பார்த்தது கிடையாது, தபாலில் உத்தரவு மட்டும் வரும்.

இருபத்து நான்கில் பெண்கள் இரண்டே பேர். தவளக்குப்பத்தில் நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற வீட்டிலிருந்து வந்த நான் ஒருத்தி. நகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள் ஜொகரா இன்னொருத்தி. அவள் வீடு நாலு தெரு தள்ளித்தான், ஆனாலும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது விதி. மருந்து கொடுக்கும் இடத்துக்கு மேலே மாடியில் எங்களுக்கு ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று, மூடினால் பினாயில் வாசனை. அறைக்கும் ஆண்கள் வார்டுக்கும் சேர்த்து ஒரே அதிகாரி, ஒரு கன்னியாஸ்திரி. ஊரே அவரை மாசேர் என்று கூப்பிடும். சாவிக்கொத்து அவர் இடுப்பில். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு ஒரு மணி நேரம் போகலாம், பத்தடி பின்னால் மாசேர் வருவார். நாங்கள் சிரித்தால் இருமுவார்.

அப்பா என்னைக் கொண்டுவந்து விட்டபோது, காலையில் ரொட்டி போடுவார்கள் என்று கேள்விப்பட்டு அரண்டுபோனார். "காலையிலயே ரொட்டியா? ஒடம்பு சரியில்லாதவன்தானே ரொட்டி துன்னுவான்?" என்று மாசேரிடமே கேட்டுவிட்டார். "இது ஆஸ்பத்திரிதானே" என்றார் மாசேர். ரொட்டி எனக்குப் பிடித்துப்போனது. ஜொகராவின் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அனுப்பிய தூக்குப் பாத்திரம் அதைவிடப் பிடித்தது.

நான் கடலூரில் சித்தப்பா வீட்டில் தங்கி இங்கிலீஷில் படித்தவள், ஜொகரா உள்ளூரில் பிரெஞ்சில் படித்தவள். நூலகத்தில் இருந்ததெல்லாம் பிரெஞ்சுப் புத்தகம், பரீட்சையோ இங்கிலீஷில். அவள் எனக்குப் பிரெஞ்சைத் தமிழில் சொல்வாள், நான் அவளுக்கு அதையே இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பேன். முதல் மூன்று வருஷமும் இப்படியே ஓடின. உடம்பில் உள்ள ஒவ்வொரு எலும்பையும் எங்கள் அறையில் மூன்று மொழிகளில் திட்டித் தீர்த்திருக்கிறோம்.

நாலாம் வருஷம் வார்டுக்குள் போனோம். அங்கே இருந்தவர் டாக்டர் லூர்துசாமி. நாங்கள் முசே என்போம், முசே என்றால் ஐயா. ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டு, வழுக்கைத் தலை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பாகப் பதில் சொன்னால் "அப்படியா?" என்பார். அவ்வளவுதான். அந்த 'அப்படியா'வுக்குப் பிறகு அவர் காத்திருக்கும் நேரத்தில் நாமே நம் தப்பைக் கண்டுபிடித்துவிடுவோம், இல்லையென்றால் அழுதுவிடுவோம்.

முசே பழைய பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஸ்டெதாஸ்கோப் அவரிடம் இருந்தது, இதயத்துக்கு மட்டும் அதை எடுப்பார். நுரையீரலை நேராகக் காதை வைத்துத்தான் கேட்பார். நடுவில் ஒரு மெல்லிய துணி. எங்கள் வகுப்புக்கு அந்தத் துணி முழுக்க ஜொகரா வீட்டுக் கடை மல் துணிதான். ஆளுக்கு இரண்டு, தினமும் கொதிக்கவைத்து, கஞ்சி போடாமல் காயவைக்க வேண்டும். கஞ்சி போட்ட துணி சரசரக்கும்.

அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன், இனி யாரும் செய்யப்போவதில்லை. முதலில் நோயாளியின் பெயரைக் கேட்க வேண்டும். பெயர் தெரியாத முதுகில் காது வைக்கக் கூடாது என்பது முசேயின் சட்டம். பிறகு, "ஐயா, ஒங்க முதுகக் கொஞ்சம் குடுங்க" என்று அனுமதி. நோயாளி முக்காலியில் உட்கார்ந்து, தன் இரண்டு தோள்களையும் குறுக்காகத் தானே கட்டிக்கொண்டு, தலையைக் குனிய வேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்புகள் விலகி வழிவிடும். நம் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, துணியை ஒற்றை மடிப்பாக விரித்து, நாலு விரலால் சுருக்கம் நீவிவிட்டு, காதை அப்படியே படிய வைக்க வேண்டும். அழுத்தக் கூடாது. மறு காதை விரலால் அடைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஓர் இடத்துக்கு மூன்று மூச்சு. மேலிருந்து கீழே, வலம் ஒன்று, இடம் ஒன்று.

கடைசியில் குரல். நோயாளி பேசும்போது முதுகில் அதிர்வு எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சில் அதற்கு முப்பத்து மூன்று என்று சொல்லச் சொல்வார்களாம். முசே அதையே தமிழாக்கிவிட்டார். "முப்பத்து மூணு சொல்லுங்க." வார்டு முழுக்கக் காலை வேளையில் முப்பத்து மூணு, முப்பத்து மூணு என்று ஒலித்துக்கொண்டிருக்கும். ஊரில் அவருக்கே முப்பத்து மூணு டாக்டர் என்று பெயர். நெல்லித்தோப்பு ரிக்‌ஷாக்காரர்களிடம் அப்படிச் சொன்னால் போதும், அவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள்.

முதல் நாள் நான் மாட்டேன் என்றேன். ஆம்பளை முதுகில் காதை வைப்பதா? தவளக்குப்பத்தில் தெரிந்தால் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார். முசே யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீ கேக்கறது ஆம்பளய இல்லம்மா, நுரையீரல. அதுக்கு மீச கெடயாது." வார்டே சிரித்தது, நோயாளி உட்பட. நானும் சிரித்துவிட்டேன், காதையும் வைத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் அவரிடம் செல்லாது. கேட்காத சத்தத்தைக் கேட்டதாக எழுதுவது. எங்கள் வகுப்பில் ஒருவன் நேற்றைய நோட்டைப் பார்த்து அப்படியே ஆறாம் படுக்கைக்கு எழுதிவைத்துவிட்டான். ஆறாம் படுக்கைக்காரர் முதல் நாள் மாலையே வீட்டுக்குப் போய், அங்கே வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்த ஒருவர் படுத்திருந்தார். முசே கத்தவில்லை. அவனைப் படுக்கையருகே கூட்டிப்போய், "இவருக்கு இல்லாத நோய நீ குடுத்துட்ட. மன்னிப்புக் கேட்டுத் திருப்பி வாங்கிக்க" என்றார். அவன் கேட்டான். கால் முறிந்தவருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை, "பரவால்ல தம்பி, அடுத்த தடவ பாத்துக் குடு" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, கடைசி வருஷம் தபாலில் ஓர் உத்தரவு வந்தது. இறுதி வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட பட்டம் வைத்திருக்க வேண்டும். முசேயிடம் இருந்தது பழைய பள்ளியின் பட்டயம். அதை வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேரைப் பிழைக்க வைத்திருந்தார், ஆனால் அது பட்டியலில் இல்லை. இறுதிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளரே கல்லூரியைச் சுற்றிப் பார்த்து, இவரை வைத்துக்கொள்ளலாமா என்று அறிக்கை எழுதுவாராம். இதை எங்களுக்குச் சொன்னவர் அலுவலகக் குமாஸ்தா. அலுவலக ரகசியம் அவரிடம் ஒரு நாள் தங்கியதாகச் சரித்திரம் இல்லை.

இருபத்து நான்கு பேரும் வேப்பமரத்தடியில் கூடிப் பேசினோம். புத்தகத்தில் ஸ்டெதாஸ்கோப் என்றுதான் போட்டிருக்கிறது. வருகிறவர் எதிரில் ஒருத்தர் துணியை விரித்தாலும், 'இதுதான் இங்கே சொல்லித்தருகிற லட்சணமா' என்று எழுதிவிடுவார், முசே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் பரீட்சையன்று யாரும் துணி கொண்டுவரக் கூடாது. ஜொகரா எல்லாரிடமும் வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். என் கோட்டுப் பையில் ஒன்று தங்கிவிட்டது. வேண்டுமென்று வைத்தேனா, பழக்கத்தில் வைத்தேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

பரீட்சையன்று முசேக்கு அவருடைய வார்டிலேயே இடம் இல்லை. தேர்வாளர் அல்லாதவர் உள்ளே வரக் கூடாது. வெளிநோயாளிகள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு வந்த நோயாளி ரெட்டியார்பாளையத்து வண்டிக்காரர், பெயர் கோவிந்தன். மூன்று வாரக் காய்ச்சல், இடது விலாவில் வலி. பார்ப்பதற்கு நாற்பத்தைந்து நிமிடம் உண்டு. பரீட்சைக்குப் படுக்கவைக்கிற நோயாளிகளுக்குத் தங்கள் நோயின் பெயர் நம்மைவிட நன்றாகத் தெரியும், கேட்டால் சொல்லியும் விடுவார்கள். கோவிந்தன் சொல்லவில்லை. "நானே சொல்லிட்டா நீ இன்னாத்துக்கும்மா படிச்ச?" என்றார்.

விரலால் தட்டிப் பார்த்தேன். இடது அடிப்பக்கம் மந்தமாக ஒலித்தது. நீர் கோத்திருக்கிறது, சரி. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். அந்த மனிதர் எலும்பும் தோலுமாக இருந்தார். விலா எலும்புகள் மேடும் பள்ளமுமாக இருந்ததால் கருவியின் வட்டம் தோலில் படியவே இல்லை. எங்கே வைத்தாலும் ஓர் ஓரம் தூக்கிக்கொண்டது. கரகரவென்று ஒரே இரைச்சல். இடம் மாற்றி மாற்றி வைத்தேன். முப்பது நிமிடம் போய்விட்டது. நீர் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடலாம், அதற்கே தேறிவிடலாம். ஆனால் அந்த இரைச்சலுக்கு அடியில் வேறு ஏதோ இருப்பது போலவும் இருந்தது. அதை எழுதுவதா, விடுவதா?

பையிலிருந்து துணியை எடுத்தேன். தேர்வாளர் வார்டின் மறு கோடியில் ஜொகராவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "அய்யா, ஒங்க முதுகக் கொஞ்சம் குடுங்க" என்றேன். கோவிந்தன் பழகினவர், தானே தோள்களைக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

காது படிந்ததும் இரைச்சல் நின்றது. மூன்றாவது மூச்சில் கேட்டேன். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும், புதுச் செருப்பு போட்டு நடப்பது போல ஒரு கிறீச். நுரையீரலின் உறைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். நீர் வற்றத் தொடங்கி உறைகள் மறுபடி தொட்டுக்கொள்கின்றன, ஆள் தேறிவருகிறார் என்று அர்த்தம். எனக்கு வந்த சந்தோஷத்தில் இன்னும் மூன்று மூச்சு அப்படியே கேட்டேன். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் பளபளவென்று மெருகேற்றிய கறுப்பு ஷூக்கள் இரண்டு தெரிந்தன. தேர்வாளர்.

கண்டதைச் சொன்னேன். அவர் கருவியை எடுத்து அழுத்தி வைத்து வெகுநேரம் கேட்டார். 'ம்' என்றார். பிறகு துணியைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார். "இப்படிக் கேட்க உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. இன்று நினைத்தால் அது வெறும் ஆச்சரியம்தான். ஆனால் எனக்கு அந்த அறிக்கைதான் கண்முன் வந்தது. "யாரும் கற்றுக்கொடுக்கவில்லை சார். இங்கே கன்னியாஸ்திரிகள் பழைய வழக்கமாகச் செய்வார்கள். பார்த்துத் தெரிந்துகொண்டேன்" என்றேன். நல்ல இங்கிலீஷ். தடுமாறாமல் சொன்னேன். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மாடிக்கு வந்து ஜொகராவிடம் சொன்னேன். "போயும் போயும் மாசேர் தலயிலயா போட்ட? நம்ம சாவி அவங்க இடுப்புலதானே இருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. தேர்வாளர் வார்டைவிட்டுக் கிளம்பும்போது மாசேரைப் பார்த்து, நல்ல முறை வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டியிருக்கிறார். மாசேர் ஒன்றும் புரியாமல், விஷயத்தைக் கேட்டறிந்து, நேராக முசேயிடம் போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. "முப்பது வருஷமா தெர்மாமீட்டர் வைக்கிறேன். ஒருத்தர் முதுகுல இந்தக் காதப் படவிட்டதில்ல. என்னையா சொன்ன? முசே லூர்துகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன்."

எனக்கு மாசேரின் கோபம்கூடப் பெரிதாகப் படவில்லை. கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டதற்கு, யாரும் இல்லை என்று சொன்னது முசேயின் காதுக்குப் போய்விட்டதே என்றுதான் வெட்கமாக இருந்தது. அவரைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி, நான் தேற வேண்டுமென்ற பயம்.

மறுநாள் காலை மாசேர் கதவைத் திறந்ததும் ஜொகராவை இழுத்துக்கொண்டு, தேர்வாளர் தங்கியிருந்த விருந்தினர் மாளிகைக்கு ஓடினேன். ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். "சார், நேத்து நான் சொன்னது பொய். கத்துக்குடுத்தது எங்க முசே லூர்துசாமி" என்றேன். தமிழில்தான் வந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியும்மா. நேத்து சாயங்காலம் அவரே வந்தார். உட்காருங்கன்னேன், உட்காரலை. 'அந்தப் பொண்ணு சொன்னது பொய், கத்துக்குடுத்தவன் நான். பொய்க்கு மார்க் குறைங்க, காதுக்குக் குறைக்காதீங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

"கொறச்சீங்களா சார்?"

"ரெண்டு."

நான் அழுதுவிட்டேன். "பாஸா பெயிலான்னு நான் சொல்லக் கூடாது. ஆனா அழறதுக்கு ஒண்ணும் இல்லை" என்றார். ஜொகராதான் துணிந்து முசேயின் வேலையைப் பற்றிக் கேட்டாள். "அவருக்கு என்ன பட்டம்னு கேட்டிருக்காங்க, அதுக்கு உள்ளது உள்ளபடி பதில் எழுதித்தான் ஆகணும். அவருக்கு என்ன தெரியும்னு யாரும் கேக்கலை. அதையும் ரெண்டு வரி சேத்து எழுதறேன்" என்றார். நேர்மையான மனிதர். அந்த இரண்டு வரியால் பாதிதான் நடந்தது. முசேயிடமிருந்து வகுப்பறையை எடுத்துக்கொண்டார்கள், வார்டை விட்டுவைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். நான் தேறினேன். காரைக்கால், மாஹே, ஏனாம் என்று சுற்றி முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். டாக்டராகப் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன், பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவரிடம் எல்லாரும் சொல்கிற பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். யாரிடம் கற்றேன் என்பதில் மட்டும் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அன்று காலை விருந்தினர் மாளிகையிலிருந்து நேராக வார்டுக்குப் போனோம். முசே கோவிந்தனின் முதுகில் காது வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. நான் படுக்கையின் கால்மாட்டில் போய் நின்றேன். அவர் எல்லா இடமும் கேட்டு முடித்து, துணியை மடித்து வைத்து, கோவிந்தனின் சட்டையை இறக்கிவிட்டு, பிறகுதான் திரும்பினார்.

"மன்னிச்சிடுங்க முசே" என்றேன். அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. அவருக்கு அது பிடிக்காது என்பதால் நின்றுகொண்டிருந்தேன்.

"எவ்ளோ கொறச்சாரு?"

"ரெண்டு, முசே."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ரெண்டுதானா? அஞ்சு கொறைங்கன்னுல்ல சொல்லிட்டு வந்தேன்!" என்றார். கொஞ்சம் யோசித்தார். "சரி, போய் மாசேர்கிட்ட மன்னிப்புக் கேளு. மீதி மூணயும் அவங்க கொறச்சிடுவாங்க."

போனேன். மாசேர் மூன்றோடு நிறுத்தவில்லை.